சேரன்மகாதேவித் தொகுதி எங்கே போயிற்று?

பத்தமடைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க தாத்தா காலத்துல இருந்து சேரன்மகாதேவின்னு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்துச்சு. சபாநாயகரையே குடுத்த தொகுதி. 2011 தேர்தல்ல பார்த்தா பேரே இல்ல. யாரு எடுத்தா? இது அரசியல் பழிவாங்கலா? அடுத்த மறுவரையறையில திரும்பக் கிடைக்குமா அண்ணாச்சி?"

நம்ம திருநெல்வேலி ஜில்லாவில் தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் கேட்பார். பதிலும் ஆளுக்கொன்றாகக் கிடைக்கும். அந்தக் கட்சி செய்தது என்பார்கள், இந்தச் சாதிக்கு ஓட்டுக் கூடிவிடும் என்று பிரித்தார்கள் என்பார்கள். அப்படி எதுவும் இல்லை, தம்பி. உங்கள் தொகுதி போனதற்குக் காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்கு ஏன் நமக்குப் பாதகமாக வந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 234. 1967 தேர்தல் முதல் இந்த எண் மாறவில்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த, தொகுதி எல்லைகளைப் புதிதாக வரையும் மறுவரையறை ஆணையத்துக்கு இந்த 234-ஐக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. 2001 மக்கள்தொகையை வைத்து மாவட்டங்களுக்குள் மறுபடி பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. 2001-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், அதாவது தென்காசி பிரிவதற்கு முன், 27 லட்சத்துக்குச் சற்று மேல் சனம். வகுத்துப் பாருங்கள், பத்தேகால் கூட வராது. கையில் இருந்ததோ 11 தொகுதி. ஆகவே ஒன்று போயே தீர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் 5.9. அங்கே 7 இருந்தது, 6 ஆயிற்று. நெல்லையில் சேரன்மகாதேவி போனது, தூத்துக்குடியில் சாத்தான்குளம் போனது. இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

இதற்கு முந்தைய வரையறை 1971 மக்கள்தொகையை வைத்து 1976-இல் முடிந்தது. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் இல்லை. 1986 அக்டோபரில்தான் சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் அது பிரிந்தது. 1971-இல் ஒன்றாக இருந்த பெரிய நெல்லைச் சீமையில் 32 லட்சம் பேர். மாநிலத்தில் 4 கோடியே 12 லட்சம். அந்தக் கணக்குக்கு நமக்கு 18 தொகுதி கிடைத்தது. முப்பது வருஷம் கழித்து அதே நிலப்பரப்புக்கு 16. நம் சனத்தொகை குறைந்துவிடவில்லை, 32 லட்சம் 43 லட்சமாகக் கூடியிருக்கிறது. ஆனால் மாநிலம் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வளர்ந்த காலத்தில் நாம் நூற்றுக்கு முப்பத்தைந்தை ஒட்டித்தான் வளர்ந்தோம்.

ஏன் என்று உங்கள் தெருவையே கேளுங்கள். சென்னையில் மளிகைக்கடையும் பாத்திரக்கடையும் வைத்தவர்கள், தாராவிக்கு ரயில் ஏறியவர்கள், திருப்பூர், கோவை என்று பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போனவர்கள், வளைகுடாவுக்கு விசா எடுத்தவர்கள். கோயில் கொடைக்கு மட்டும் வந்து, வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்து, நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பப் பூட்டிப் போகிற வீடுகள் ஆற்றங்கரை ஊர்களில் எத்தனை! படித்த பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டையும் நம் பக்கம் ஒழுங்காகவே கடைப்பிடித்தார்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பத்தேகாலாக வந்து நின்றது.

நாம் இழந்த இடங்கள் எங்கே போயின தெரியுமா? அந்த ஆணையத்தின் 2008 ஆணையில் ஆவடி, மாதவரம், மதுரவாயல், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என்று சென்னையைச் சுற்றிப் புதிய தொகுதிகள் பிறந்தன. அங்கே வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் நம் ஊர்ப் பெயர்கள்தான் வரிசையாக வரும். சுடலைமுத்து, இசக்கியம்மாள், பிச்சம்மாள், மாடசாமி என்று. தொகுதியைக் கொண்டு போனவர்கள் வேறு யாரும் இல்லை, நம் அண்ணன் தம்பிகள்தான் என்று நான் சொல்வது அதனால்தான்.

சரி, நம் பக்கத்துத் தொகுதி வரலாற்றையும் கொஞ்சம் சொல்கிறேன். 2008-இல்தான் முதன்முறையாகக் கோடு மாறியது என்று பலர் நினைக்கிறார்கள். அது நாலைந்து தடவை மாறியிருக்கிறது.

1952 முதல் தேர்தலில் திருநெல்வேலி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ., அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது வரவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி, சீட்டைக் கொண்டுபோய் வேண்டிய பெட்டியில் போட வேண்டும். அப்படித் தேர்வானவர்களில் ஒருவர் எஸ்.என். சோமயாஜுலு. சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் நடந்த சத்தியாக்கிரகத்துக்கு முன்னின்றவர் அவர். 1957-இலும் இரட்டைத் தொகுதிதான். அப்போது ஜெயித்த ராஜாத்தி குஞ்சிதபாதம், இரட்டைத் தொகுதி முறை 1961 சட்டத்தால் ஒழிந்த பிறகு 1962-இல் தனித்தும் ஜெயித்தார். திருநெல்வேலிக்கு அந்தக் காலத்திலேயே தொடர்ந்து இரண்டு முறை ஒரு பெண் எம்.எல்.ஏ. இருந்திருக்கிறார் என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

செங்கோட்டைக்காரர்கள் கதை தனி. 1952-இலும் 1954-இலும் அவர்கள் ஓட்டுப் போட்டது திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை நம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1957-இல் அதே சனம் சென்னைச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டது. அந்தத் தேர்தலில் தென்காசியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் செங்கோட்டைக் கே. சட்டநாத கரையாளர்.

1977-க்கு முந்தைய பட்டியல்களை எடுத்தால் கங்கைகொண்டான், மேலப்பாளையம் என்றெல்லாம் தொகுதிப் பெயர்கள் இருக்கும். 1976 வரையறையில் அவை மறைந்தன. ஆக, தொகுதியை இழந்த ஊர் சேர்மாதேவி (சேரன்மகாதேவியை நாங்கள் பேச்சில் அப்படித்தான் சொல்வோம்) மட்டும் இல்லை. ஆனால் அரசியல் பாரம்பரியம் என்று பார்த்தால் சேர்மாதேவி இழந்தது அதிகம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியதில் அந்த ஊருக்குப் பங்கு உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924-25-இல் காங்கிரஸையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். 1925 முடிவதற்குள் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். இந்த ஊரின் பெயர் தொகுதிப் பட்டியலில் இருந்தது வெறும் தாலுகா கணக்குக்காக மட்டும் என்று நான் நினைப்பதில்லை.

பிறகு பி.ஹெச். பாண்டியன் காலம். 1977, 1980, 1984 என்று வரிசையாக சேரன்மகாதேவியில் ஜெயித்தார். 1985-இல் பேரவைத் தலைவரானார். பேரவைத் தலைவருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று அவர் சொன்னது இன்றும் எங்கும் பேச்சில் அடிபடுகிறது. 1987-இல் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனை அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சிறைக்கு அனுப்பியது அந்த அதிகாரத்தின் உச்சம். அது தவறு என்பதே என் கருத்து. ஆனால் தொகுதிக்குள் அவருக்கு இருந்த பிடி வேறு. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டானபோது 1989 தேர்தலில் ஜானகி அணி இரட்டைப்புறாச் சின்னத்தில் நின்றது. மாநிலம் முழுக்க அந்த அணி ஜெயித்தது இரண்டே இடம். ஜானகி அம்மாளே ஆண்டிபட்டியில் தோற்றார். அந்த இரண்டில் ஒன்று சேரன்மகாதேவி.

2001-இல் அவர் மகன் மனோஜ் பாண்டியன் அங்கே ஜெயித்தார். 2006-இல் காங்கிரஸின் வேல்துரை. அந்தத் தேர்தல்தான் சேரன்மகாதேவித் தொகுதிக்குக் கடைசித் தேர்தல். அதுவும் வழக்கில் மாட்டியது. வேட்புமனு தாக்கல் செய்த நேரத்தில் வேல்துரைக்கு அரசுடன் ஒப்பந்தப் பணி நடப்பில் இருந்தது என்று மனோஜ் பாண்டியன் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது பேரவையின் ஐந்தாண்டும் முடிகிற தறுவாய். தொகுதியும் அதோடு முடிந்தது.

இந்தச் சீமை பேரவைத் தலைவர்களைப் பெற்ற விதமே ஒரு பெருமை. வண்ணார்பேட்டையில் சிலையாக நிற்கிறாரே செல்லப்பாண்டியன், அவர் 1962 முதல் 1967 வரை. அடுத்து ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி.பா. ஆதித்தனார். பிறகு சேரன்மகாதேவி பாண்டியன், 2006-இல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன், 2021-இல் ராதாபுரம் அப்பாவு.

இனி 2008 ஆணை. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அப்போது இருந்த சட்டமன்றம் கலையும் வரை அதற்கான இடைத்தேர்தல்கள் பழைய எல்லையில்தான். அதனால் 2009-இல் தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு கூத்து நடந்தது. மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் புதிய எல்லையில். ஆகஸ்டில் ஸ்ரீவைகுண்டம் இடைத்தேர்தலும் டிசம்பரில் திருச்செந்தூர் இடைத்தேர்தலும் பழைய எல்லையில். ஒரே வருஷத்தில் ஒரே ஊருக்கு இரண்டு வகைப் பாகம் எண்ணோடு இரண்டு வகை வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடி வாசலில் நிற்கிற ஆச்சிக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது லேசான காரியம் இல்லை.

அந்த ஆணையை வாங்கிப் படித்தவர்கள் குறைவு. படித்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு தொகுதிக்கும் நேராக எந்தத் தாலுகா, முழுதா பகுதியா, பகுதியானால் எந்தெந்த வருவாய்க் கிராமம், எந்தப் பேரூராட்சி என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டியல் 2004 பிப்ரவரி 15 அன்று இருந்த தாலுகா, வார்டுகளை வைத்துத் தயாரித்தது. அதன்பின் சேரன்மகாதேவி தாலுகா, மானூர் தாலுகா, திசையன்விளை தாலுகா எல்லாம் பிறந்தாலும் ஆணையில் பழைய தாலுகாக்களின் பெயரே நிற்கும். தாலுகாவும் ஜில்லாவும் மாநில அரசு கோடு போடுவது. தொகுதி எல்லை அதோடு சேர்ந்து நகராது.

பதினொன்றைப் பத்தாக்கும்போது எங்கே கத்தி வைப்பது? வடக்கே சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் இரண்டும் தாழ்த்தப்பட்டோர் தொகுதிகள், அங்கே கைவைப்பது கடினம். மேற்கே மலை, தெற்கே கன்னியாகுமரி எல்லை, கிழக்கே தூத்துக்குடி. நடுவில் நாலு பக்கமும் அண்டைத் தொகுதிகள் சூழ இருந்தது சேரன்மகாதேவி. பிரித்துக் கொடுக்க வசதியான இடம் நடுவில் இருப்பதுதான். பாளையங்கோட்டை முழுக்க முழுக்க மாநகராட்சி வார்டுகளால் ஆன தொகுதியானது. பாளையங்கோட்டை தாலுகாவின் கிராமங்கள் நாங்குநேரியோடு சேர்ந்தன. சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர், மேலச்செவல், கோபாலசமுத்திரம் பேரூராட்சிகள் இன்று 225ஆம் எண் அம்பாசமுத்திரம் தொகுதியில் இருக்கின்றன. பாபநாசத்து மலையடிவாரம் முதல் கோபாலசமுத்திரம் வரை ஆற்றோடு நீண்டு கிடக்கிறது அந்தத் தொகுதி.

இதில் எனக்கு மனசு வலிக்கிற ஊர் முக்கூடல். பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த ஊர். 2008-இல் அது ஆலங்குளம் தொகுதிக்குப் போனது. கடையம், கீழப்பாவூர் பக்கத்தோடு பாப்பாக்குடி ஒன்றியமும் அதில் அடக்கம். அப்போது எல்லாமே ஒரே நெல்லை மாவட்டம் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம் தென்காசிக்குப் போனது. முக்கூடலும் பாப்பாக்குடி ஒன்றியமும் திருநெல்வேலியிலேயே நின்றன. இன்று முக்கூடலில் ஒரு முதியோர் உதவித்தொகை மனு என்றால் தாலுகா ஆபீஸ் சேர்மாதேவி, கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளம், எம்.எல்.ஏ. ஆலங்குளத்துக்காரர். எம்.எல்.ஏ. தன் நிதியில் ஒரு வாட்டர் டேங்க் கட்ட நினைத்தால் அந்த ஊருக்கு மட்டும் வேறு மாவட்டத்து அதிகாரிகளிடம் கோப்பு ஓட வேண்டும். மாவட்ட ஆய்வுக் கூட்டம் என்றால் அவர் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் போயாக வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் கஷ்டம் அந்த ஊர் சனத்துக்கு.

நாடாளுமன்றத் தொகுதியிலும் இதே கதைதான். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் ஓட்டுப் போடுவது திருநெல்வேலி எம்.பி.க்கு. தென்காசி எம்.பி. தொகுதியில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி மறைந்து 2009-இல் தூத்துக்குடி என்று வந்தது. அது ஒன்றுதான் ஜில்லா எல்லையோடு பொருந்தி நிற்கிறது.

"நாலு கிராமம் அங்கே போனா என்ன, இங்கே இருந்தா என்ன" என்று கேட்பவர்களுக்கு நம் சீமையின் தேர்தல் முடிவுகளே பதில். திருநெல்வேலியில் 2006-இல் மாலைராஜாவும் 2016-இல் ஏ.எல்.எஸ். லட்சுமணனும் நயினார் நாகேந்திரனை ஜெயித்த வித்தியாசம் இரண்டு முறையும் அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு. லட்சுமணனின் தகப்பனார் ஏ.எல். சுப்பிரமணியன் அதே தொகுதியில் 1967, 1989, 1996-இல் ஜெயித்தவர். 2021-இல் தென்காசியில் பழனி நாடார் ஜெயித்தது 370 ஓட்டில். எல்லாவற்றுக்கும் மேலே 2016 ராதாபுரம். இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஒரு நடுத்தர வாக்குச்சாவடியில் காலை ஒரு மணி நேரத்தில் விழுகிற ஓட்டுக்கூட இல்லை அது.

ராதாபுரம் வழக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தபால் ஓட்டுகளில் 203 ஓட்டைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். அவற்றில் சான்றொப்பம் இட்டது நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பதுதான் சண்டை. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. சென்னையில் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்குவதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்துப் பேரவைத் தலைவருமானார். ஆனால் ஐந்து வருஷம் ஒரு தொகுதி, தன் எம்.எல்.ஏ. சரியாகத்தான் தேர்வானாரா என்று தெரியாமலே கழித்தது நல்லதில்லை. ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து ஒரு தொகுதியின் முடிவையே ஆட்டும் என்றால், நாலு கிராமத்தை இடம் மாற்றுவது என்னவெல்லாம் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சேரன்மகாதேவி திரும்ப வருமா?

2001-இல் தீட்டிய 84ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரும்வரை மாநிலங்களுக்கான இடங்களை மாற்றக் கூடாது என்றது. அந்தக் கணக்கு வந்த பிறகு நாடாளுமன்ற இடங்களை மக்கள்தொகைப்படி மறுபடி பங்கிட்டால், சனத்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு பங்கை இழக்கும் என்று 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும் பிற மாநிலத் தலைவர்கள் கூடிய கூட்டமும் நடந்தன. நான் அந்த அச்சத்தோடு முழுக்க உடன்படுகிறவன். காரணம், இந்தியாவுக்குள் தமிழ்நாட்டுக்கு வரும் என்று பயப்படுகிற அதே நிலை தமிழ்நாட்டுக்குள் நெல்லைச் சீமைக்கு 2008-இலேயே வந்துவிட்டது. குறைவாகப் பெற்றோம், பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியூர் அனுப்பினோம், இரண்டு இடங்களை இழந்தோம். அன்று இதைப் பற்றிச் சென்னையில் யாரும் கூட்டம் போடவில்லை.

மாநிலத்துக்குள் உள்ள கணக்கை 2011 எண்களை வைத்தே பார்த்துவிடலாம். மாநிலத்தில் 7 கோடியே 21 லட்சம், தொகுதிக்கு 3 லட்சத்து 8 ஆயிரம். பிரியாத நெல்லை மாவட்டத்தில் 30 லட்சத்து 77 ஆயிரம். வகுத்தால் பத்துக்கு ஒரு இம்மி குறைவு. 2001-இல் பத்துக்குச் சற்று மேலே இருந்தது பத்து வருஷத்தில் பத்துக்குக் கீழே வந்திருக்கிறது. ஆனால் இப்போது இரண்டு மாவட்டம். தனித்தனியாகப் பார்த்தால் தென்காசிக்கு நாலரைக்குச் சற்று மேல், ஆக 5. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் பதினாறரை லட்சத்துக்குச் சற்று அதிகம், வகுத்தால் 5.4. இப்போது இருப்பதும் 5. ஐந்தரையைத் தாண்டினால் ஆறாவது தொகுதி என்ற நிலை. 234 என்ற மொத்தமே கூடினால் இன்னும் வாய்ப்பு அதிகம்.

ஆக, நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை. மாவட்டத்தில் சனம் கூடுவது பாளையங்கோட்டையைச் சுற்றி, மகாராஜநகர், பெருமாள்புரம், கே.டி.சி. நகர் என்று நகர ஓரத்தில்தான். ஆறாவது தொகுதி வந்தாலும் நகரத்தை இரண்டாகப் பிளந்து அங்கேதான் வைப்பார்கள், நாம் பேசாமல் இருந்தால். பேசுவதற்கு ஒரு நல்ல நியாயம் கையில் இருக்கிறது. தொகுதி எல்லை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது ஆணையம் வழக்கமாகப் பின்பற்றும் நெறி. அப்படியானால் முக்கூடலும் பாப்பாக்குடி ஒன்றியமும் ஆலங்குளத்திலிருந்து நெல்லை மாவட்டத்துத் தொகுதி ஒன்றுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அவற்றுக்கு ஒட்டினாற்போல் இருப்பது சேரன்மகாதேவி தாலுகா. முக்கூடல், பாப்பாக்குடி, சேர்மாதேவி, பத்தமடை, வீரவநல்லூர், மேலச்செவல், கோபாலசமுத்திரம் என்று ஆற்றின் இரு கரையையும் சேர்த்து ஒரு தொகுதி கேட்பது நியாயமான கோரிக்கை. சப்-கலெக்டர் ஆபீஸும் ஏற்கெனவே சேர்மாதேவியில்தான் இருக்கிறது.

கேட்கும் நேரம் முக்கியம். ஆணையத்தில் நம் மாநில எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் துணை உறுப்பினராக உட்காருவார்கள். பேசலாம், ஓட்டு கிடையாது. வரைவு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வரும். ஆட்சேபம் தெரிவிக்கத் தேதி கொடுப்பார்கள். பிறகு பொது விசாரணை நடக்கும். இறுதி ஆணை வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம். அரசியல் சட்டம் 329ஆவது பிரிவு நீதிமன்றக் கதவை ஏறத்தாழ அடைத்தே வைத்திருக்கிறது. 2008-க்குப் பிறகு சேர்மாதேவிக்காகப் புலம்பியவர்களில் பலர் வரைவு வந்த நாளில் அதைப் பார்க்கவே இல்லை.

ஆட்சேப மனுவில் "எங்கள் ஊர் பாரம்பரியம் மிக்கது" என்று மட்டும் எழுதினால் அவர்கள் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். வருவாய்க் கிராமங்களின் பெயரை ஆணையில் உள்ளபடி வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றின் மக்கள்தொகையையும் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துக் கூட்டிக் காட்டுங்கள். கூட்டுத்தொகை மாநில சராசரிக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. முக்கூடலிலிருந்து சேர்மாதேவிக்கு எத்தனை கிலோமீட்டர், ஆலங்குளத்துக்கு எத்தனை, எந்த பஸ் எத்தனை தடவை ஓடுகிறது, ஆற்றுப்பாலம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எந்தக் கிராமமும் தனித்துத் துண்டாக நிற்காமல் தொடர்ந்து இருக்கும்படி தாலுகா வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு இணையுங்கள். ஊராட்சி ஒவ்வொன்றிலும் கிராம சபைத் தீர்மானம் வாங்கிச் சேர்த்தால் இன்னும் கனம். வரைபடமும் கிராமப் பட்டியலும் தயார் செய்ய இப்போதே உட்கார்ந்தால்தான் முடியும், தம்பி. வரைவு வந்த பிறகு கிடைக்கிற நாட்கள் அதற்குப் போதாது.